நோய்க்கு முன்னே வந்த செய்தி

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7 அன்று கண்டறியப்பட்டார். ஓமான் நாட்டிலிருந்து காஞ்சிபுரம் திரும்பிய பொறியாளர் அவர். மார்ச் 25 அன்று மதுரையில் முதல் உயிரிழப்பு நேர்ந்தது. அன்றே நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஆயினும் தருமபுரி மாவட்டம் ஏப்ரல் பிற்பகுதி வரை ஒரு நோயாளியைக்கூடக் காணவில்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி, மே மாதத் தொடக்கம் வரை தப்பி நின்றது. மொரப்பூரை அடுத்த கம்பைநல்லூரில் வாழ்ந்தோர்க்கு அந்த வாரங்கள் விந்தையான காலம். கடைத்தெரு அடைபட்டிருந்தது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போனவர்கள் கிடைத்த வண்டியைப் பிடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். அச்சம் எங்கும் இருந்தது. மாவட்டத்தின் பதிவேட்டில் நோய் மட்டும் இல்லை.

அறிவியல் நோக்கில் இஃது அரிய சூழல். தெருவில் நோயாளி ஒருவர் இருந்துவிட்டால், மக்கள் கொண்ட அச்சத்தில் பட்டறிவால் விளைந்தது எவ்வளவு, செய்தியால் விளைந்தது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். நோயாளியே இல்லாத ஊரில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கு நிலவிய இடருணர்வு முற்றிலும் செய்தியால் ஆனது. தொலைக்காட்சியும் நாளிதழும் அதில் ஒரு பங்கு. கைப்பேசிக்கு வந்து விழுந்த காணொளியும் குரற்பதிவும் மற்றொரு பங்கு. இந்த இரண்டாம் வகையில் பல, ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்து நின்று எழுதப்பட்டவை.

இத்தகைய சார்புச் செய்தி மனத்தில் என்ன செய்கிறது? பொய்யை மெய்யென நம்பவைக்கிறது என்பது வழக்கமான விடை. எனக்கு அது போதவில்லை. நோய் எவ்வளவு கொடியது என்னும் வினாவைச் சார்புச் செய்தி, குறைந்தது நம் நாட்டிலேனும், அதிகம் தொடுவதில்லை. நோயைக் கொண்டுவந்தவர் யார், யார் தரும் மருந்தை ஏற்கலாம் என்னும் வேறிரு வினாக்களை அது முன்னே நிறுத்துகிறது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தவுடன், முதல் வினாவுக்கே விடை கண்டுவிட்டதாக மனம் நிறைவடைகிறது. தமிழ்நாட்டில் நிகழ்ந்தவற்றைப் பார்க்கப் பார்க்க இவ்வெண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

முதலில் அச்சத்தின் அளவுகோலைப் பார்ப்போம். காப்பீட்டுக் கணக்கர் இடரை அளக்கும் முறை எளிது: தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு இழப்பு, இரண்டையும் பெருக்கினால் விடை. மனம் இப்படிப் பெருக்கிப் பார்ப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை, மக்களின் அச்சத்தை இரண்டு அச்சுகளில் வைத்துக் காட்டியது. ஓர் அச்சு திகிலுக்குரியது. கட்டுக்கு அடங்காதது, கொத்தாகக் கொல்வது, நம் இசைவின்றி நம்மேல் சுமத்தப்படுவது ஆகியவை அதில் உயரத்தில் நிற்கும். மற்றோர் அச்சு அறியாமைக்குரியது. புதியது, கண்ணுக்குப் புலப்படாதது, விளைவு நாள்கடந்து தெரிவது ஆகியவை அதில் உயரும். நாள்தோறும் சாலையில் எத்தனை உயிர் போயினும் இருசக்கர வண்டியைக் கண்டு எவரும் நடுங்குவதில்லை; ஒருவரையும் கொல்லாத அணு உலையைக் கண்டு ஊரே நடுங்கும். 2020இன் தீநுண்மி இவ்விரு அச்சுகளிலும் உச்சியில் இருந்தது.

இதற்கும் முன்னரே, 1973இல், ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் இருவர் மற்றோர் இயல்பைக் காட்டியிருந்தனர். எளிதில் நினைவுக்கு வரும் நிகழ்ச்சியே அடிக்கடி நிகழ்வதாக மனம் கணக்கிட்டுக்கொள்ளும். ஒரே காணொளி ஐந்து குழுக்களின் வழியே ஐந்து முறை வந்தால், ஐந்து இடங்களில் அது நடந்தது போன்ற அழுத்தம் மனத்தில் விழும். 1988இல் ரோஜர் காஸ்பர்சனும் அவருடைய உடனாய்வாளர்களும் இவற்றைச் சமூக அளவுக்கு விரித்தனர். இடர் பற்றிய செய்தி ஒவ்வொரு நிலையமாகக் கடந்து வருகிறது, ஒவ்வொரு நிலையமும் அதைப் பெருக்கவோ சுருக்கவோ செய்கிறது என்பது அவர்கள் கோட்பாடு. அவர்கள் கருதிய நிலையங்களில் முதன்மையானவை செய்தித்தாள்களும் அரசுத் துறைகளும் அமைப்புகளும். இன்று கம்பைநல்லூரில் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நிலையம்.

இனி 2020 மார்ச் இறுதிக்கு வருவோம். தில்லி நிசாமுதீனிலுள்ள தப்லீக் ஜமாத் தலைமையகத்தில் அம்மாதத்தின் நடுப்பகுதியில் ஒரு கூட்டம் நடந்தது. நாடெங்கிலும் இருந்து வந்தோரோடு வெளிநாட்டினரும் அதில் இருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 1,500 பேர் என மாநில அரசு அறிவித்தது. மார்ச் 31 முதல் மாநிலத்தின் நாளறிக்கையில் அவர்களைச் சார்ந்த தொற்றே பெரும்பங்காக நின்றது. இது உண்மை, நோய் அக்கூட்டத்தில் பரவியதில் ஐயமில்லை. அந்த உண்மையின் மேல் கட்டப்பட்டதுதான் வேறு. நோயை ஒரு சமயத்தார் வேண்டுமென்றே பரப்பும் போராகச் சித்திரிக்கும் ஒரு குறிச்சொல் மார்ச் 28க்குப் பின் ஒரு வாரத்திற்குள் ட்விட்டரில் ஏறக்குறைய 3,00,000 முறை இடம்பெற்றதென்றும், 16.5 கோடிப் பேரின் பார்வைக்கு அது சென்றிருக்கக்கூடும் என்றும் ‘ஈக்குவாலிட்டி லேப்ஸ்’ என்னும் அமைப்பு கணக்கிட்டது. பழங்கள்மேல் எச்சில் தடவுவதாகவும் காவலர்மேல் உமிழ்வதாகவும் சொல்லி உலவிய காணொளிகளில் பல, கொரோனாவுக்கு முன்னரே வேறெங்கோ எடுக்கப்பட்டவை.

இங்கே ஒரு கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்நாள்களில் தமிழ்நாட்டின் ஆய்வுத்திறன் சிறியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர், அவரோடு பழகியவர், தில்லிக் கூட்டத்திற்குச் சென்றவர், அவரோடு பழகியவர் என்று தேர்ந்தே மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தனர். தொற்றுத் தடமறிதலில் அதுவே சரியான முறை. தேட வேண்டிய இடத்தில்தான் தேடினார்கள். ஆனால் ஒரு கூட்டத்தாரை மட்டும் முனைந்து ஆய்வுக்கு உட்படுத்தி, ஏனையோரைத் தொடாமலிருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் அக்கூட்டத்தாராகவே இருப்பர். நோயாளிகளில் இவர்கள் எத்தனை விழுக்காடு என்னும் எண் நாள்தோறும் வெளிவந்தது. ஆய்வுக்கு உட்பட்டோரில் இவர்கள் எத்தனை விழுக்காடு என்னும் எண், அதனோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியது, செய்தித்தலைப்பில் ஏறவில்லை. பின்னத்தின் மேலெண் மட்டும் ஊர் ஊராகச் சென்றது. கீழெண் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது.

இதன் விளைவு இருதிசைப்பட்டது. ஒருபுறம், இசுலாமியக் காய்கறி வணிகரிடமிருந்து மக்கள் விலகினர். அதனால் எவருடைய தொற்று வாய்ப்பும் அணுவளவும் குறையவில்லை. மறுபுறம், தம்மவர் என்று கருதியோரிடம் விலகலின்றி நெருங்கினர். இரண்டாவதே உடல்நலத்துக்குக் கேடானது. இடர் முழுவதையும் ஒரு கூட்டத்தின் மேல் ஏற்றிவிட்ட மனம், ஏனையோரை இடரற்றவராக எண்ணத் தொடங்கும். சென்னைக் கோயம்பேடு அங்காடியிலிருந்து ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் தொற்று மாவட்டந்தோறும் பரவியபோது, அதைச் சுமந்துசென்றோர் சரக்குந்து ஓட்டுநரும் சுமைதூக்கும் தொழிலாளரும் சில்லறை வணிகரும். அவர்களுக்கென்று எவரும் குறிச்சொல் படைக்கவில்லை. அவர்கள் எக்கட்சிக்கும் பயன்படும் எதிரிகளல்லர்.

தமிழ்நாட்டு அரசு இதில் ஒரு செயலைச் சரியாகச் செய்தது என்று சொல்வேன். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, நோய்க்கு மதச் சாயம் பூசவேண்டாம் என்று ஏப்ரல் தொடக்கத்திலேயே வேண்டினார். நலத்துறை நாளறிக்கையும் கூட்டத்தின் பெயரை விட்டு, ஒரே மூலத்திலிருந்து பரவியது என்று மட்டும் குறிக்கத் தொடங்கியது. ஒன்றிய நலத்துறை எச்சமூகத்தையும் சுட்டிப் பழிக்கலாகாது என்னும் அறிவுரையை ஏப்ரல் 8 அன்று வெளியிட்டது. நீதிமன்றம் பேசியது அதன்பின் பல மாதங்கள் கழித்து. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் 29 பேர்மீதான வழக்குகளை நீக்கியபோது, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்று கூறி, ஊடகப் பரப்புரையையும் கண்டித்தது.

பிற நாடுகளில் சார்புச் செய்தி வேறு வழியில் சென்றது. அமெரிக்காவில் நோய் உண்டா இல்லையா, முகக்கவசம் வேண்டுமா வேண்டாமா என்பதே கட்சிக் கேள்வி ஆயிற்று. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிக் கைப்பேசிகளின் நடமாட்டத்தை 2020 மார்ச் முதல் மே வரை அளந்த ஓர் ஆய்வு, 2016 தேர்தலில் டிரம்ப்பை ஆதரித்த கவுண்டிகளில் (மாவட்டங்களில்) உடல் விலகல் ஏனையவற்றினும் 14 விழுக்காடு குறைவாக இருந்ததைக் கண்டது. தடுப்பூசி எல்லார்க்கும் கிடைக்கத் தொடங்கிய பின்பு, புளோரிடா, ஒகையோ மாநிலங்களில் குடியரசுக் கட்சி வாக்காளர்களின் மிகை இறப்பு வீதம் சனநாயகக் கட்சி வாக்காளர்களினும் 43 விழுக்காடு கூடுதலாக இருந்ததென்று 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறுகிறது. பிரேசிலில் அதிபர் பொல்சொனாரோ 2020 மார்ச் 15 அன்று பேரணியினரோடு கைகுலுக்கினார். 24ஆம் நாள் தொலைக்காட்சியில் நோயைச் சிறு காய்ச்சல் என்றார். அவருக்கு மிகுதியாக வாக்களித்த நகராட்சிகளில் அதன்பின் மக்கள் வீட்டில் தங்குவது குறைந்தது என்று ஓர் ஆய்வு கண்டது. ஊடகங்களும் ட்விட்டர் கணக்குகளும் மலிந்த நகராட்சிகளில்தான் அவ்விளைவு தெளிவாகத் தெரிந்தது என்பது அவ்வாய்வின் கூர்மையான பகுதி.

நம் நாட்டில் இப்படி ஒரு பிளவு நேரவில்லை. ஊரடங்கை எந்தப் பெருங்கட்சியும் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. கொரோனா பொய் என்பதை எந்தப் பெருங்கட்சியும் தன் நிலைப்பாடாகக் கொள்ளவில்லை. ஆகவே இந்தியாவில் கட்சிச் சார்பு இடருணர்வைப் பாதிக்கவில்லை என்று முடிவு கட்டுவோர் உளர். அவர்கள் தேடும் இடம் தவறு. அச்சத்தின் அளவு கட்சிக்குக் கட்சி வேறுபட்டதா என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. அச்சம் எப்பொருளின் மேல் போய் அமர்ந்தது, எம்மருந்தால் அது தணிந்தது என்று பார்த்தால் கட்சியின் நிறம் பளிச்செனத் தெரியும்.

2020 சூலையில் ஒன்றிய இணையமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால் ஓர் அப்பளத்தை அறிமுகம் செய்து, அது நோயெதிர்ப்புப் பொருள்களை உண்டாக்க உதவும் என்றார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. அப்பளத்துக்கு நான் எதிரி அல்லன். சாம்பார் சோற்றுக்கு அப்பால் அதற்கு வேலை இருப்பதாகத் தெரியவில்லை, அவ்வளவே. 2021 சனவரி 2 அன்று உத்தரப்பிரதேசத்தின் அகிலேஷ் யாதவ், பாரதிய ஜனதாவின் தடுப்பூசியை நான் எப்படி நம்புவது, போட்டுக்கொள்ள மாட்டேன் என்றார். சூனில் அவருடைய தந்தை முலாயம் சிங் போட்டுக்கொண்டதும் மகனும் மனம் மாறினார். அவ்விடைவெளியில் இரண்டாம் அலை வந்து போயிருந்தது.

கோவாக்சின் மூன்றாம் கட்ட ஆய்வு முடியுமுன் 2021 சனவரி 3 அன்று ஒப்புதல் பெற்றதைப் பலர் கேள்வி கேட்டனர். அக்கேள்வி அறிவியலுக்கு உரியது. அறிவியலாளர்களே அதை எழுப்பினர். மார்ச்சில் இடைக்கால முடிவு வந்தது. நவம்பரில் ‘லான்செட்’ இதழில் 77.8 விழுக்காட்டுப் பயன்திறன் என்னும் முழு முடிவும் வந்தது. அறிவியல் கேள்விக்குத் தரவு வந்தவுடன் விடை கிடைத்துவிடும். அதே ஐயம் கட்சிக் கொடியைப் போர்த்துக்கொண்டு வந்தால் தரவு அதை அசைக்காது, ஏனெனில் அது தரவைக் கேட்டு எழுந்த ஐயமன்று. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் செய்த ஆய்வுகளில், கணக்கில் வல்லவர்கள்கூடத் தம் கட்சிக்கு ஒவ்வாத அட்டவணையைப் பிழையாகப் படித்தார்கள். கணக்கறிவை அவர்கள் விடை காணப் பயன்படுத்தவில்லை. பிடிக்காத விடையைத் தட்டிக்கழிக்கப் பயன்படுத்தினர். படித்தவர் இவ்வலையில் சிக்கார் என்னும் எண்ணத்தை இது கெடுத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோட்டம் கொரோனாவுக்கு மூன்றாண்டு முன்பே நடந்தது. 2017 பிப்ரவரியில், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகட்குத் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. தடுப்பூசியில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டி. அத்தகைய மாநிலத்தில், வாட்ஸ்அப் குரற்பதிவுகளை நம்பிப் பெற்றோர் பள்ளிக்குச் சென்று தம் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லிவந்தனர். இயக்கத்தின் கெடுவையே நீட்டிக்க நேர்ந்தது. இதன் காலத்தைக் கருதுக. சனவரி 17 முதல் 23 வரை மெரினாவில் ஏறுதழுவுதலுக்கான போராட்டம். நம்மை நம் மரபிலிருந்து பிரிக்க வெளியார் முனைகின்றனர் என்னும் உணர்ச்சி கொதித்திருந்த கிழமைகள் அவை. இரு வாரங்களில் ஊசி வருகிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் சூழ்ச்சி என்னும் புரளி, அப்போது ஏற்கெனவே திறந்திருந்த வாயிலில் நுழைந்தது என்றே நான் கருதுகிறேன்.

அவ்வாண்டே அக்டோபரில், டெங்கு கடுமையாக இருந்தபோது, நடிகர் கமல்ஹாசன் நிலவேம்புக் குடிநீர் வழங்குவதை ஆய்வு முடிவு வரும் வரை நிறுத்தி வைக்குமாறு தம் நற்பணி இயக்கத்தாரை ட்விட்டரில் கேட்டுக்கொண்டார். அவர் அரசியலில் இறங்கவிருந்த நேரம். மறுநாளே விவாதம் நிலவேம்பை விட்டு அகன்று, கமல் அணியா எதிரணியா என்று திரும்பிவிட்டது. டெங்குக் கொசு நன்னீரில் முட்டையிடும், தொட்டியை மூடுங்கள் என்பதில் இரு அணிக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அதனால் அதைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை.

இவ்விடத்தில் செய்தி செல்லும் வழியைக் கவனிக்க வேண்டும். கட்சிக்காரர் உருவாக்கிய செய்தி கட்சிக் குழுவில் பிறக்கிறது. அங்கேயே நின்றால் தீங்கு குறைவு. படிப்போர்க்கு அதன் பிறப்பு தெரியும். இரண்டு கை மாறியவுடன் அது குடும்பக் குழுவுக்கு வந்துவிடுகிறது. அனுப்பியவர் இப்போது மாவட்டச் செயலாளரல்லர், பெரியப்பா. அல்லது மொரப்பூரில் இருக்கும் மாமா. கட்சியின் முகத்தை விட்டு உறவின் முகத்தைப் பூண்டு செய்தி வந்து நிற்கிறது. முன்பின் அறியாதவர் சொன்னால் ஐயுறுகிற மனம், நமக்குத் தீங்கு நினையாதவர் சொல்லும்போது ஐயத்தைக் கைவிடுகிறது. பெரியப்பா நமக்குத் தீங்கு நினையாதவர் என்பது மெய்யே. அவர் நலம் நாடியே அனுப்பினார். செய்தி எங்குப் பிறந்தது என்பதை மட்டும் அவரும் அறியார்.

மறுப்பதிலும் நம் வீடுகளுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. பட்டப்படிப்பு முடித்த மருமகனுக்குச் செய்தி பொய்யென்று தெரியும். நாற்பது பேர் பார்க்கும் குழுவில் வயதில் மூத்தவரை மறுத்து எழுத அவன் கை எழாது. “மாமா, இது பழைய வீடியோ மாமா, போன வருசமே வந்துது” என்று தனியே அழைத்துச் சொல்வான். நல்லவனாயின் அதையாவது செய்வான். குழுவில் பொய் அப்படியே நிற்கும். ஏனைய முப்பத்தெட்டுப் பேரும் அந்த அமைதியை ஒப்புதலென்று எடுத்துக்கொள்வர்.

சார்புச் செய்தி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 கோடையில் சென்னையின் இறப்பு எண்ணிக்கை குறைத்துக் காட்டப்படுவதாக எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின, ஆளுங்கட்சி மறுத்தது. ஆளுங்கட்சியினர் அதை அரசியலென்று ஒதுக்கினர். எதிர்க்கட்சியினர் எல்லா எண்ணையும் பொய்யென்று ஒதுக்கினர். சூலை 22 அன்று விடுபட்ட 444 இறப்புகளை அரசே கணக்கில் சேர்த்தது. சரியான எச்சரிக்கை கட்சி வாயிலாக முதலில் வந்ததால், அதைக் கேட்டிருக்க வேண்டியோரில் பாதிப்பேர் காதை மூடிக்கொண்டனர். பொய்ச் செய்தியைக் களைந்தால் போதும் என்று எண்ணும் உண்மை சரிபார்ப்போர் இந்நிகழ்ச்சியைக் கணக்கில் கொள்வதில்லை.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் செலுத்திக்கொண்டார். மக்களின் அச்சத்தைப் போக்கவே தனியார் மருத்துவமனையை விட்டு அங்கு வந்ததாகச் செய்தியாளரிடம் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் விடியலில் மறைந்தார். வயது 59. இதயத்தின் முதன்மைக் குழாய் முற்றிலும் அடைபட்டிருந்தது, இத்தகைய அடைப்பு ஒரு நாளில் உருவாவதன்று என்று மருத்துவர்கள் விளக்கினர். நலத்துறைச் செயலர் ஜெ. இராதாகிருஷ்ணனும் ஊசிக்குத் தொடர்பில்லை என்றார். பயனில்லை. ஊசி போட்டார், இறந்தார் என்னும் இரு சொற்றொடருக்கு முன் இரத்தக்குழாய் விளக்கம் எடுபடவில்லை. நடிகர் மன்சூர் அலிகான் ஊசியைக் குறைகூறிப் பேசிய பேச்சு வழக்காயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் செலுத்தச் சொல்லி முன்பிணை அளித்தது.

இங்கும் கீழெண்ணைத் தேடுவோம். ஆண்டுக்கு நூற்றுக்கு இருவர் ஏதேனும் ஒரு காரணத்தால் இறக்கும் முதியோர் பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரே நாளில் வெறும் உப்புநீர் ஊசி போட்டாலும், அடுத்த இரண்டு நாளில் ஏறத்தாழ 11 பேர் இறப்பர். ஊசி போடாவிட்டாலும் அந்த 11 பேர் இறந்திருப்பர். அவர்களுள் ஒருவர் ஊரறிந்தவராயின், அந்த ஒருவரின் முகமே ஊசியின் முகமாகிவிடும். ஊசியால் தீங்கு உண்டா என்பதை அறிய, ஊசி போட்ட பின் இறந்தோரை எண்ணினால் போதாது. போடாத அதே வயதினரில் அதே இரு நாளில் எத்தனை பேர் இறந்தனர் என்பதோடு ஒப்பிட வேண்டும். ஒப்பீட்டில் மிகை இருந்தால் ஊசியை ஐயுறலாம். உலகெங்கும் தடுப்பூசிக் கண்காணிப்பு இம்முறையில்தான் நடக்கிறது. அரிதாக நேர்ந்த சில மெய்யான பக்கவிளைவுகளும் இம்முறையால்தான் பிடிபட்டன.

விவேக் மறைந்தது, சட்டமன்றத் தேர்தல் முடிந்து முடிவு வராத இடைக்காலத்தில். ஏப்ரல் 6இல் வாக்குப்பதிவு, மே 2இல் முடிவு. ஊசி ஒன்றிய அரசின் பெயரோடு வந்தது. தேர்தல் காலம் தவிர, சான்றிதழில் தலைமை அமைச்சரின் படம் இருந்தது. படம் போட்ட கட்சிக்கு அது பெருமையாக இருந்திருக்கலாம். அக்கட்சிக்கு வாக்களியாத பெரும்பான்மையுள்ள மாநிலத்தில், மருந்தின்மேல் ஒரு முகத்தை ஒட்டுவது மருந்துக்கு நன்மை செய்ததா என்று எவரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை, அளந்திருக்க வேண்டும்.

இச்சிக்கலுக்கு மருந்து என்ன? நல்லெண்ணத்தோடு முன்வைக்கப்படும் வழி, மக்களுக்கு ஊடகக் கல்வி அளிப்பது. ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தலின்போது பீகாரில் 1,224 பேரிடம் இதைச் சோதித்தார். வீட்டுக்கே சென்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயிற்சி அளித்தும், பொய்யைக் கண்டறியும் திறன் பொதுவில் உயரவில்லை. ஆளுங்கட்சிச் சார்பினரிடம் தம் கட்சிக்கு இனிக்கும் பொய்களைக் கண்டறியும் திறன் குறைந்தே போயிற்று. பின்னர் அவரும் சைமன் ஷொஷாரும் செய்த ஆய்வு நம்பிக்கை தருகிறது. குழுவில் உறுப்பினர் ஒருவர், சான்று எதுவும் காட்டாமல், இது உண்மையில்லை என்று எழுதினாலே நம்பிக்கை தளர்கிறது என்று அவர்கள் கண்டனர். மருமகனின் தயக்கத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய விலை என்பது இப்போது விளங்கும்.

2020 மே மாதத்தில் மேற்கு வங்கத்தில் மற்றொரு முயற்சி. அபிஜித் பானர்ஜி வங்கமொழியில் பேசிய இரண்டரை நிமிடக் காணொளி குறுஞ்செய்தி வழியாக இரண்டரைக் கோடிப் பேருக்கு அனுப்பப்பட்டது. ஊர்ப்புற நலப்பணியாளரிடம் நோய்க்குறியைத் தெரிவிப்போர் இருமடங்காயினர். ஊருக்கு வெளியே பயணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. காணொளியைப் பெறாத அண்டை வீட்டாரிடமும் அம்மாற்றம் தெரிந்தது. அப்பேச்சில் பழிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. நோயுற்றோரை ஒதுக்காதீர் என்னும் வேண்டுகோளும் அதன் வடிவங்கள் சிலவற்றில் இருந்தது. பேசியவர் தம் மண்ணுக்கு நோபல் பரிசு கொண்டுவந்தவர். நம் பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அந்தப் புகழ் இல்லையாயினும், ஊரில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளையும் ஊசி அட்டையையும் அறிந்தவர் அவர். அவர் சொல்லும் செய்தியைக் கட்சிச் செய்தியென்று ஒதுக்குவது எளிதன்று. அவரை ஏன் எந்த அரசும் ஓர் ஊடகமாகக் கருதவில்லை என்பது எனக்குப் புரிந்ததில்லை.

செய்திகளைச் சுமந்த நிறுவனமும் ஒன்று செய்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரல் 7 அன்று வரம்பிட்டது. அத்தகைய செய்திகளின் பெயர்ச்சி இரு வாரங்களில் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் கூறியது. எது மெய், எது பொய் என்று அது பிரிக்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தது. வேகத்தைக் கூட்டுவது எது என்பதற்கு 2021இல் வந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. அமெரிக்க ஊடகங்களும் அரசியலாளரும் வெளியிட்ட 27 லட்சம் பதிவுகளை ஆராய்ந்ததில், எதிரணியைச் சுட்டும் ஒவ்வொரு சொல்லும் பகிரப்படும் வாய்ப்பை 67 விழுக்காடு உயர்த்தியது.

தமிழ்நாட்டில் ஊசி அச்சத்தை உடைத்தது விளக்கமன்று, நோயே. 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அதன்பின் ஊசி நிலையங்களில் நின்ற வரிசைக்கு ஊசி போதவில்லை. செப்டம்பர் 12 அன்று 40,000 முகாம்களில் 28.91 லட்சம் பேர் ஒரே நாளில் போட்டுக்கொண்டனர். விவேக்கின் மறைவை ஆராய்ந்த ஒன்றிய அரசின் பக்கவிளைவு ஆய்வுக்குழு, ஊசிக்குத் தொடர்பில்லை, உடனிகழ்வே என்று அக்டோபரில் முடிவு சொன்னது. அம்மாதம் 21ஆம் நாள் இந்தியா 100 கோடி ஊசிகளைக் கடந்திருந்ததால் நாளிதழ்களின் முதற்பக்கம் அதற்கே போயிற்று. குழுவின் முடிவில் பழிக்க ஒருவரும் இல்லை. ஏப்ரலில் குரற்பதிவு அனுப்பிய குழுக்களில் அதை எவரும் அனுப்பி நான் கண்டதில்லை.